மலேசியா சுங்கை சிப்புட்ல ஷேரிங் ரூம், டீச்சரா வர்றவங்க எடுக்கலாமா?

ஊர்லேருந்து இங்க பாடம் எடுக்க வந்தப்போ தனி வீடா ஷேரிங்கான்னு ரொம்ப யோசிச்சேன், கடைசியில டவுன் பக்கத்து தாமான்ல, அதாவது குடியிருப்புப் பகுதியில, வரிசையா ஒட்டிக் கட்டின ஒரு தெரஸ் வீட்ல ரூம் எடுத்தேன், கூட இன்னும் ரெண்டு டீச்சருங்க. காசுன்னு பார்த்தா இதுதான் சரி. தனி வீடுன்னா பொதுவா ரெண்டு மாச டெபாசிட், கரண்ட் தண்ணிக்கு அரை மாசம், முதல் மாச வாடகை, ஆக மூணரை மாசக் காசை மொத்தமா எடுத்து வைக்கணும், அது போக கட்டில் ஃப்ரிட்ஜ்னு செலவு. முதல் சம்பளம் வராம யாரால முடியும் சொல்லுங்க?

ஆனா சௌகரியம் குறைச்சல்தான். ஒரே பாத்ரூம். ஸ்கூல் ஏழரைக்கு, ஆறு மணிக்கு வெளிய கும்மிருட்டா இருக்கும், அப்பவே மூணு பேரும் துண்டோட வாசல்ல நிக்கணும். நடுச்சுவர் வெறும் ப்ளைவுட், பக்கத்து ரூம் அலாரம் நம்ம தலைமாட்டுல அடிக்குது. ஊர்ல அம்மா எட்டு மணிக்கு சாப்பிட்டு போன் போடுவாங்க, இங்க பத்தரை, மெதுவாத்தான் பேசணும், அது மனசுக்கு ரொம்ப கஷ்டம். ஏர்கோன் ஒரு ரூம்ல மட்டும், பில்லை மூணா பிரிக்கறது நியாயமே இல்ல, நான் கேட்டு மாத்த வெச்சேன்.

கூட இருக்கறவங்க தங்கம். காய்ச்சல்னு படுத்தப்போ கஞ்சி வெச்சுக் குடுத்தாங்க, தனி வீட்ல அது கிடைக்காது.

சம்பளம் கையில நிக்கணும்னா எடுங்க. பாத்ரூம் எத்தனை, கரண்ட் பில் எப்படின்னு மட்டும் முன்னாடியே பேசிடுங்க.