ஒரு கண்ணில் மட்டும் ஓயாமல் நீர் வடிகிறதா? மூக்கையும் பார்க்கச் சொல்லுங்கள்

கோவையில் ஒரு தனியார் கண் கிளினிக்கில் என் அம்மாவுக்கு நடந்ததை எழுதுகிறேன். சைனஸ் தொந்தரவு உள்ளவர்கள், வீட்டில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் இருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

அம்மா வீட்டிலேயே தையல் தைப்பவர். பல வருடமாகச் சைனஸ் உண்டு. மார்கழி பிறந்தால் மூக்கடைப்பும் தலைபாரமும் வந்துவிடும். அப்படி ஒரு பனிக்காலத்தில் இடது கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது. காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பீளை தள்ளும். கிளினிக்கில் "மெட்ராஸ் ஐ" என்று சொல்லிச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மெட்ராஸ் ஐ என்றால் ஓரிரு வாரத்தில் அடங்க வேண்டும், பெரும்பாலும் அடுத்த கண்ணுக்கும் தாவும். இது மாதக்கணக்கில் ஒரே கண்ணிலேயே நின்றது. அடுத்து "அலர்ஜி" என்றார்கள். அப்புறம் கண் வறட்சி என்று இரண்டு கண்ணுக்கும் வேறொரு சொட்டு. கடைசியில் கண்ணுக்கு ஸ்ட்ரெயின் என்று அவர்கள் கடையிலேயே ப்ளூ கட் கண்ணாடி (திரையின் நீல ஒளியைத் தடுப்பது என்று விற்பது) போட வைத்தார்கள். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவருக்கு இது எதற்கு என்று கேட்டேன். "செல்போன் பார்ப்பாங்கல்ல" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

எழுதிக்கொடுத்த சொட்டுகளில் ஒன்று ஸ்டீராய்டு கலந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. ஸ்டீராய்டு சொட்டை நாள்பட விட்டால் கண்ணழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். அதனால் இடையிடையே கண்ணழுத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் அம்மா அந்த டாக்டரிடம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார்: "வலது கண்ணில விட்டா கொஞ்ச நேரத்துல தொண்டையில கசக்குது டாக்டர். இடது கண்ணில விட்டா கசக்கவே இல்ல." அவர் மருந்துச் சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. நோய் என்ன என்பதே அந்த வார்த்தையில் இருந்தது.

இமைகளின் உள்முனையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ஊசிமுனை அளவு துளைகள் இருக்கின்றன. கண்ணாடியில் உற்றுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். கண்ணீர் அதன் வழியாக மூக்கோரம் இருக்கும் கண்ணீர்ப்பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட மருந்து தொண்டையில் கசப்பதும் இதனால்தான். அந்தக் கண்ணீர்ப்பைக்குப் பக்கத்திலேயே, காகிதம் போன்ற மெல்லிய எலும்புக்கு அந்தப் புறம் எத்மாய்டு சைனஸ் என்ற காற்றறைகள் இருக்கின்றன. குழாயோ கன்னத்துச் சைனஸை ஒட்டி இறங்குகிறது. மூக்கின் உள்சவ்வும் குழாயின் உள்சவ்வும் தொடர்ச்சியானவை. மூக்கிலும் சைனஸிலும் அழற்சி வந்து சவ்வு வீங்கினாலோ, உள்ளே சதை வளர்ந்தாலோ குழாய் அடைபடலாம். வடிய வழியில்லாத கண்ணீர் பையிலேயே தேங்கிச் சீழ் பிடிக்கும். எல்லாருக்கும் சைனஸ்தான் காரணம் என்றில்லை. வயதாக ஆகக் குழாய் தானாகச் சுருங்குவதும் உண்டு, அது பெண்களுக்கு அதிகம். ஆனால் சைனஸ் இருப்பவருக்கு ஒரு கண் மட்டும் வடிந்தால் மூக்கைப் பார்க்காமல் விடவே கூடாது.

கடைசியில் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே சிவந்து, தொட முடியாத வலியோடு வீங்கிவிட்டது. கிளினிக்கில் முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் கார்டு இருக்கா?" என்ன நோய் என்று சொல்லும் முன்பே அட்மிஷன், ஆபரேஷன் பேக்கேஜ், முன்பணம் என்று பேச ஆரம்பித்தார்கள். அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு நேராக அரசு மருத்துவமனை கண் பிரிவுக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். "லேசா அழுத்துறேன்மா, வலிச்சா சொல்லுங்க" என்று மூக்கோரம் விரலை வைத்தார். கீழ் இமைத் துளையிலிருந்து மஞ்சளாகச் சீழ் எட்டிப்பார்த்தது. கண்ணீர்ப்பை அழற்சி, டாக்ரியோசிஸ்டைடிஸ் என்றார். ஒரு விரலும் சில நொடியும் போதும் இதற்கு. இதைத்தான் இத்தனை மாதமாக அங்கே யாரும் செய்யவில்லை.

வீக்கமும் வலியும் இருக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் செலுத்தக் கூடாது என்று முதலில் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தார்கள். வீக்கம் அடங்கியதும் சிரிஞ்சிங் செய்தார்கள். துளை வழியாக உப்புநீர் செலுத்துவார்கள். வழி திறந்திருந்தால் தொண்டையில் கரிக்கும். அம்மாவுக்கு மேல் துளை வழியாகவே திரும்பி வந்தது. அங்கிருந்து ஈ.என்.டி.க்கு அனுப்பி சிடி ஸ்கேன் எடுத்ததில் இடது எத்மாய்டு சைனஸ் முழுக்க அடைப்பு. கண் டாக்டரும் ஈ.என்.டி. டாக்டரும் சேர்ந்து மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் சைனஸைச் சுத்தம் செய்து, கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குப் புதுவழியும் போட்டார்கள். டிசிஆர் என்பார்கள். இத்தாலிய மருத்துவர் டோட்டி இதற்கான ஆபரேஷனை, அப்போது வெளியே தோலைக் கீறிச் செய்வதாக, 1904-லேயே விவரித்துவிட்டார். கண் மருத்துவம் படித்த எவருக்கும் புதிய விஷயமில்லை.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணீர்ப்பையைச் சோதிப்பது வழக்கம். அங்கே சீழ் இருக்கும்போது ஆபரேஷனுக்காகக் கண்ணைக் கீறித் திறந்தால் கிருமி உள்ளே போய்ப் பார்வையே பறிபோகலாம். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். வீக்கத்தோடு காய்ச்சல், கண் முன்தள்ளுவது, அசைத்தால் வலி, இரட்டையாகத் தெரிவது, பார்வை மங்குவது, இதில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். வீட்டில் பிதுக்க வேண்டாம்.

கிளினிக்கில் கேஸ் ஷீட் கேட்டேன், "அதெல்லாம் தர மாட்டோம்" என்றார்கள். இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காமல் எழுத்தில் கேட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பில், சீட்டு, காலி மருந்துப் புட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். புகார் தயாராகிக்கொண்டிருக்கிறது.