பக்கவாதத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம்: காந்தத் தூண்டலா, மின்தூண்டலா?

பக்கவாதம் வந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ, அதுவரை தளர்ந்து கிடந்த கை மெல்ல மடங்கி மார்போடு ஒட்டிக்கொள்ளத் தொடங்குகிறது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டுவிட, நகம் வெட்டுவதும் சட்டைக்குள் கையை நுழைப்பதும்கூடக் கவனித்துக்கொள்பவருக்கு அன்றாடப் போராட்டமாகிவிடுகிறது. இந்த இறுக்கத்தைக் குறைப்பதற்காக, மண்டையோட்டைத் திறக்காமலே மூளையைத் தூண்டும் இரண்டு முறைகள் பேசப்படுகின்றன. ஒன்று காந்தத் தூண்டல், மற்றொன்று ஒரே திசையில் பாயும் மெல்லிய மின்னோட்டத்தைத் தலைக்குத் தரும் நேர்மின் தூண்டல். இரண்டையும் ஒன்றாகவே பாவித்துப் பேசுவது நோயாளிகளுக்கு நன்மை செய்வதில்லை. இயங்கும் விதத்திலும் கைவசமுள்ள சான்றுகளிலும் இவை வெவ்வேறானவை.

இறுக்கத்தின் வேர் தசையில் இல்லை. தசை இழுபட்டவுடன் அதைச் சுருங்கச் செய்யும் அனிச்சை ஒன்று தண்டுவடத்தில் எப்போதும் இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் நரம்புப் பாதைகள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அடைப்போ ரத்தக்கசிவோ அந்தப் பாதைகளைச் சிதைக்கும்போது அனிச்சை கட்டுமீறுகிறது. அதனால்தான் முழங்கையை மெதுவாக நீட்டினால் இணங்கிவரும் கை, வேகமாக நீட்டினால் பாதியில் சட்டென்று பிடித்துக்கொள்கிறது. நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் இந்த இறுக்கத்துக்கு 1980-இல் தந்த வரையறையும், வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடுகிறது என்பதையே அடிப்படையாகக் கொண்டது.

1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவருடைய சகாக்களும் செய்துகாட்டிய காந்தத் தூண்டலில், தலைமேல் பிடிக்கும் கம்பிச்சுருள் கண நேரமே நீடிக்கும் வலுவான காந்தத் துடிப்பை எழுப்புகிறது. அது மண்டையோட்டைக் கடந்து, மூளையின் மேலடுக்கான புறணியில் நரம்பணுக்களை உடனடியாக இயங்கவைக்கும் அளவுக்கு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. சிகிச்சையாளர் சுருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, கட்டைவிரல் துடிக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பின்பே துடிப்பின் வலிமையை முடிவு செய்கிறார். விநாடிக்கு ஒரு துடிப்பு வீதம் கொடுத்தால் அந்தப் பகுதியின் நரம்புக் கிளர்ச்சி பொதுவாகத் தணிகிறது. ஐந்தோ அதற்கு மேலோ கொடுத்தால் உயர்கிறது. மூளையின் பாதிக்கப்படாத அரைக்கோளம் பாதிக்கப்பட்டதை அளவுக்கு மீறி அமுக்குகிறது என்ற கருதுகோளின்படி, பெரும்பாலும் நலமான பக்கத்தைத் தணிக்கும் வழியே கையாளப்படுகிறது.

நேர்மின் தூண்டல் இதைவிட மென்மையானது. உப்புநீரில் நனைத்த பஞ்சுறையிட்ட இரு மின்வாய்கள் வழியாக 1 முதல் 2 மில்லி ஆம்பியர் வரை, ஏறத்தாழ 20 நிமிடம் மின்னோட்டம் செல்கிறது. அது நரம்பணுவை நேரடியாக இயக்குவதில்லை. இயங்குவதற்கான வாசலைச் சற்றே தாழ்த்துகிறது அல்லது உயர்த்துகிறது. கருவி சிறியது, விலையும் குறைவு. எல்லாவற்றுக்கும் மேலாக, அதை அணிந்தபடியே நோயாளி பயிற்சி செய்யலாம். இது காந்தச்சுருளால் எளிதில் தர முடியாத வசதி. ஆனால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி உச்சந்தோல் வழியாகவே சிதறிப்போகிறது, எஞ்சியதும் பரந்த பரப்பில் பாய்கிறது.

சான்றுகளைப் பார்க்கும்போதுதான் நிதானம் தேவைப்படுகிறது. ஐரோப்பிய வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நலமான பக்கத்துக்குத் தரும் மெதுவேகக் காந்தத் தூண்டலுக்கு மிக உயர்ந்த சான்றுத் தரத்தை அளித்தது. ஆனால் அது பக்கவாதத்தின் ஆரம்பக் கட்டத்தைக் கடந்தவர்களின் கை இயக்க மீட்சிக்கானது, இறுக்கத்துக்கானது அல்ல. விளம்பரங்களில் இந்த வேறுபாடு மறைந்துவிடுவது எனக்குக் கவலை தருகிறது. அந்தக் கை மீட்சியிலும் எல்லாம் ஒருமுகமாக இல்லை: 199 பேரைக் கொண்டு 2018-இல் வெளியான அமெரிக்கப் பல மைய ஆய்வில், உண்மைத் தூண்டல் பெற்றவர்களும் போலித் தூண்டல் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவுதான் தேறினார்கள். இரு குழுவினருக்கும் முறையான பயிற்சி தரப்பட்டிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நேர்மின் தூண்டலைப் பொறுத்தவரை, இறுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 2016-இல் வெளியான தொகுப்பாய்வு, அது இறுக்கத்தைக் குறைப்பதாகக் காட்டவில்லை. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் மெதுவேகக் காந்தத் தூண்டலையே சொல்வேன், அதையும் பயிற்சிக்குத் துணையாக மட்டுமே சொல்வேன்.

கடுமையாகச் சிதைந்த மூளையில் மேற்சொன்ன கருதுகோளே தலைகீழாகலாம். அத்தகையவர்களுக்கு நலமான பக்கம்தான் எஞ்சிய இயக்கத்தைத் தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். அதைத் தணிப்பது உதவாமல் போகலாம். கால் இறுக்கத்துக்கு வேறொரு தடை உண்டு. காலுக்கான புறணி இரு அரைக்கோளங்களுக்கு இடையிலான பிளவில் ஆழமாகப் புதைந்திருப்பதால், கைக்குப் பயன்படும் எட்டு வடிவச் சுருள் அங்கே போதிய அளவு எட்டுவதில்லை.

பாதுகாப்பில் மின்தூண்டல் முந்துகிறது: அரிப்பு, எரிச்சல், தோல் சிவத்தல் ஆகியவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடும். காந்தத் தூண்டலில் வலிப்பு அரிதாக வரலாம். ஏற்கெனவே வலிப்பு வந்தவர்களும், தலையில் உலோகக் கிளிப்போ, காது கேட்க உள்ளே பொருத்தும் செவிச்சுருள் கருவியோ பொருத்தப்பட்டவர்களும் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அறுவைச் சிகிச்சையில் மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்தால் மின்னோட்டம் அந்த இடைவெளியில் குவியும் என்பதால், மின்தூண்டலிலும் கவனம் தேவை.

இந்த இரண்டுக்கும் உண்மையான போட்டி, தசையில் போட்டு அதைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசிதான். குறிப்பிட்ட சில தசைகளில் மட்டும் இறுக்கம் இருந்தால் அதுவே இன்றும் முதல் தெரிவு. சில நாட்களில் பலன் தெரியத் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதம் நிற்கும். பேக்லோஃபென் மாத்திரை உடல் முழுவதும் இறுக்கத்தைத் தணிக்கும். தூக்கக் கலக்கத்தையும் தசைத் தளர்ச்சியையும் கூடவே கொண்டுவரும். பல மாதம் மடங்கியே இருந்து தசையும் தசைநாரும் குறுகிப்போன கையை, மேற்சொன்ன எந்தத் தூண்டலும் நீட்டித் தராது. அங்கே நீட்சிப் பயிற்சியும், கையை நீட்டிய நிலையில் பிடித்துவைக்கும் பட்டைகளும் சிலருக்கு அறுவைச் சிகிச்சையுமே வழி.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்குவதற்கு முன்பே நோக்கத்தை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. தசை இறுக்கத்தை மதிப்பிடும் ஆஷ்வொர்த் அளவுகோலில் ஒரு படி குறைவது மட்டும் போதாது. உள்ளங்கையைக் கழுவ விரல் விரிகிறதா, சட்டைக் கை எளிதில் ஏறுகிறதா, காலின் இறுக்கத்தை ஊன்றுகோலாகக் கொண்டு நின்றவர் அது தளர்ந்த பின்னும் நிற்கிறாரா என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சரிபார்த்து, மாற்றம் தென்படாவிட்டால் சிகிச்சையை நீட்டிப்பதற்கு என்ன காரணம் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.