பழைய பிராடோவுக்கு ஒரு படி பெரிய டயர்: 265/75 ஆர் 16

பழைய எஸ்.யு.வி. வைத்திருப்பவர்களுக்கு டயர் தேய்ந்து மாற்றும் வேளை வந்தால், கூடவே ஓர் ஆசையும் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் பெரியதாகப் போட்டால் என்ன? எனக்கும் வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: வண்டியில் கை வைக்கக் கூடாது. ஸ்பிரிங்கை உயர்த்துவது, இடைவெளி கூட்டும் ஸ்பேசர் துண்டு செருகுவது, தகட்டை வெட்டுவது, ரிம்மை மாற்றுவது எதுவும் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டி அப்படியே இருக்க வேண்டும், டயர் மட்டும் மாற வேண்டும்.

வண்டி, 1996 முதல் 2002 வரை வெளிவந்த டொயோட்டா லேண்ட் குரூசர் பிராடோ 90 வரிசை. 3 லிட்டர் டீசல், கையால் கியர் போடும் வகை. அதற்கு உரிய அளவு 265/70 ஆர் 16. நான் போட்டது 265/75 ஆர் 16, ஏ.டி. எனப்படும் எல்லாத் தரைக்குமான வகை. பிஎஃப்குட்ரிச், யோகோஹாமா, பிரிட்ஜ்ஸ்டோன் எல்லாரும் இந்த அளவில் ஏ.டி. டயர் செய்திருக்கிறார்கள். எனவே நிறுவனத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இது அளவைப் பற்றிய மதிப்புரை.

கணக்கு எளிது. அகலம் 265 மி.மீ., அதில் 70 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், அதாவது 185.5. மேலும் கீழும் சேர்த்து 371. அதனுடன் 16 அங்குல ரிம்முக்கு 406.4 சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 777 மி.மீ. எழுபதை எழுபத்தைந்து ஆக்கினால் 804. இருபத்தேழு மி.மீ. வித்தியாசம், 3.4 சதவீதம். இதில் பாதிதான் வண்டியை உயர்த்தும். ஆகக் கிடைக்கும் உயரம் 13 மி.மீ., ஒரு விரல் அகலம்கூட இல்லை. உயரத்துக்காக இந்த டயரை வாங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

அப்படியானால் எதற்கு வாங்குவது? பக்கச்சுவருக்காக. அந்த 13 மி.மீ. முழுவதும் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் கூடுதல் ரப்பராகவும் காற்றாகவும் வந்து சேர்கிறது. சரளைக் கற்கள் பரவிய மண் சாலையில் பழைய டயர் ஒவ்வொரு கல்லையும் ஸ்டீயரிங் வரை கொண்டுவந்து சொல்லும். புதியது பாதியைத் தானே விழுங்கிக்கொள்கிறது. பள்ளத்தின் விளிம்பில் ரிம் அடிபடும் அந்த 'டங்' என்ற ஓசையை நான் மறந்தே போனேன். தளர்ந்த மணலில் காற்றைக் குறைத்து ஓட்டும்போதும் இந்தக் கூடுதல் சுவர் கைகொடுக்கிறது, டயர் நன்றாகப் பரந்து உட்காருகிறது. சக்கர வளைவுக்குள் இருந்த வெற்றிடம் நிரம்பி வண்டி மிடுக்காகத் தெரிவது உபரி லாபம். அதற்காக வாங்கவில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இதற்கு மேலே போகலாமா என்று எல்லாரும் கேட்பது 285/75 ஆர் 16 பற்றி. விட்டம் 834 மி.மீ. அகலமும் 20 மி.மீ. கூடும். இந்த வண்டியை உயர்த்தாமல் அதைப் போட்டால், திருப்பும்போதும் குலுங்கும்போதும் எங்காவது உரசியே தீரும். பேச்சு அதோடு முடிந்தது. அதிகம் பேசப்படாத இன்னொரு அளவு உண்டு: 235/85 ஆர் 16. விட்டம் 806 மி.மீ., நான் போட்டதற்குச் சமமான உயரம். ஆனால் 30 மி.மீ. ஒல்லி. ஒல்லியாக இருப்பதால் உரசும் வாய்ப்பு குறைவு, ஸ்டீயரிங்கும் லேசாக இருக்கும். என் 7 அங்குல ரிம்மில் இரண்டுமே ஏறும். தார்ச் சாலையில் பிரேக் பிடிக்கும்போது அகலம் வேண்டும் என்று நினைத்து 265இல் நின்றேன். சேற்றிலும் கற்களிலுமே பெரும்பாலும் ஓட்டுபவர்கள் அந்த ஒல்லி அளவைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம்.

உரசல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் டயரை மாட்டி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, "ஒன்றும் படவில்லை சார்" என்பார்கள். சமதளத்தில் நிற்கும் வண்டியில் படாதுதான். சஸ்பென்ஷன் அமுங்கியிருக்கும்போது திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றினேன். அந்தப் பக்கம் நன்றாக அமுங்கியது. மெதுவாகப் பின்னோக்கி எடுத்துக்கொண்டே முழுக்கத் திருப்பினேன். இடது முன்சக்கரத்தின் பின்னால், சேறு தெறிக்காமல் தடுக்கத் தொங்கும் மட்ஃபிளாப் ரப்பரில், உள்பக்கக் கீழ் மூலையில், ஓர் இழுவைச் சத்தம். இறங்கிப் பார்த்தால் அங்கு மட்டும் தூசி துடைக்கப்பட்டு, ரப்பர் நாணயம் அளவுக்குப் பளபளத்தது. வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

ஒரு பக்கம் மட்டும் ஏன் என்று அளவு நாடாவை எடுத்தேன். சக்கரத்தின் நடுவிலிருந்து வளைவின் விளிம்பு வரை அளந்தால், இடது பக்கம் வலதைவிடத் தாழ்ந்திருந்தது. வயதான ஸ்பிரிங்குகள் இரு பக்கமும் ஒரே மாதிரி தளர்வதில்லை. ஆகவே "இந்த வண்டிக்கு இந்த அளவு பொருந்தும்" என்று யார் சொன்னாலும், அது அவருடைய ஸ்பிரிங்குக்கு மட்டுமே பொருந்தும். வாங்கும் முன்பே நான்கு மூலையையும் அளந்துவிடுங்கள். ரப்பரைப் பிடித்திருந்த திருகைத் தளர்த்தி, துளைக்குள் இருந்த இடைவெளி அளவுக்குப் பின்னால் தள்ளி இறுக்கினேன். சத்தம் போய்விட்டது. வண்டியில் கை வைக்கவில்லை என்ற என் நிபந்தனை இன்னும் உயிரோடு இருப்பதாகவே கருதுகிறேன்.

இந்த அளவில் ஒரே நிறுவனத்தின் ஒரே டயரே இரண்டு வகையாகக் கிடைக்கலாம். ஒன்று சாதாரண வகை, சுமைக் குறியீடு 116, அதாவது ஒரு டயருக்கு 1,250 கிலோ. மற்றொன்று எல்.டி. என்ற எழுத்தோடு வரும் கனரக வகை, சுமை வரம்பு 'இ', குறியீடு 123, ஒரு டயருக்கு 1,550 கிலோ. கனமானதுதான் உறுதியானது என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கிறார்கள். ஆட்களும் சாமான்களும் ஏறினாலும் மூன்று டன்னை எட்டாத வண்டி இது. சாதாரண வகையே நான்கு சேர்ந்து ஐந்து டன் தாங்கும். கனரக வகையின் சுவர் தடித்தது, எடையும் கூடுதல். அதே சுமையைத் தாங்க அதற்குக் காற்றும் அதிகம் வேண்டும். எந்த மென்மைக்காகப் பெரிய பக்கச்சுவரை வாங்கினோமோ, அதை அந்தத் தடிப்பே தின்றுவிடும். கூரான பாறைகளில் ஓட்டுபவருக்கு அது தேவை. எனக்கு இல்லை. 116ஐ எடுத்தேன்.

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து வாங்க வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. இந்த பிராடோ எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் சக்தி அனுப்பும் வகை. ஒரு சக்கரம் மட்டும் சிறிதாக இருந்தால், முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பகிரும் நடு டிஃபரென்ஷியல் நேர்ச் சாலையிலும் ஓய்வில்லாமல் வேலை செய்யும். அதைப் பூட்டிவிட்டு ஓட்டினால் முறுக்கம் முழுவதும் பல்சக்கரங்களின் மேல் ஏறும். ஸ்டெப்னி பின்கதவில் தொங்குவதால் புதிய டயரின் எடை கீல்களுக்குப் போகிறது. மாட்டும் முன் கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்து, கீலில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன்.

டயரின் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். ஐந்திலும் படித்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

காற்றழுத்தத்துக்கு, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவு பழைய டயருக்கானது. அதில் தொடங்கி, சாக்பீஸ் சோதனை செய்தேன். டயரின் முகத்தில் குறுக்கே பட்டையாகச் சாக்பீஸால் கோடு போட்டு, சமமான சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்கள் மட்டும் அழிந்தால் குறைவு. எனக்கு முதலில் நடுப்பகுதி அழிந்து இரு ஓரமும் வெள்ளையாகவே நின்றது. சிறிது சிறிதாகக் காற்றை இறக்கி, கோடு சீராக அழியும் இடத்தில் நிறுத்தினேன். இது வெறும் வண்டிக்கான அளவு. குடும்பமும் சாமானும் ஏறினால் கூட்டிக்கொள்ள வேண்டும்.

வேகமானியைப் பற்றி வீண் பயம் நிறைய உண்டு. உண்மை வேகத்தைவிடக் குறைவாக மீட்டர் காட்டக் கூடாது என்பது ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிமுறை. அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே வைப்பார்கள். என் மீட்டர் 100 காட்டும்போது ஜி.பி.எஸ். முன்பு 96 காட்டியது, இப்போது 99 காட்டுகிறது. ஆக மீட்டர் முன்பைவிட உண்மை பேசுகிறது, ஆனால் இருந்த இடைவெளி ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. இன்னும் ஒரு படி பெரிய டயர் போட்டால் அது உண்மையைவிடக் குறைத்துச் சொல்லத் தொடங்கும். தொழிற்சாலை அளவிலிருந்து 3 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. இது அதைக் கொஞ்சம் தாண்டுகிறது. சில நாடுகளில் சட்டமே வரம்பு வைத்திருப்பதால் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கிலோமீட்டர் கணக்கு வேறு கதை. மீட்டரில் 500 ஓடியிருந்தால் உண்மையில் ஓடியது 517. பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புபவர்களில் பலர் இந்த 17ஐச் சேர்ப்பதே இல்லை. சேர்த்துப் பார்த்தால் எனக்கு லிட்டருக்கு அரை கிலோமீட்டர் போல நஷ்டம். டயரின் எடைக்கும் ஏ.டி. வகையின் முரட்டு முகத்துக்கும் அது நியாயமான விலைதான்.

கியர்கள் எல்லாமே 3.4 சதவீதம் நீண்டுவிட்டன. நெடுஞ்சாலையில் இன்ஜின் சற்று நிதானமாகச் சுழல்கிறது. ஏற்றத்தில் அதற்கு விலை உண்டு. ஐந்தாவது கியரில் முனகிக்கொண்டு ஏறிய மேடுகளில் இப்போது நான்காவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பிரேக்கும் அப்படித்தான். மிதிக்கும் விசை அதேதான், சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டது, சுழலும் எடையும் கூடிவிட்டது. முதல் சில நாட்களில் சற்று அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது நன்றாகவே தெரிந்தது. பழைய வண்டியில் பிரேக் பட்டை, ஹோஸ், பால் ஜாயின்ட், சக்கர பேரிங் நான்கையும் சரிபார்த்த பிறகே டயருக்குப் பணம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் பால் ஜாயின்ட்டுக்குக் கனமான சக்கரம் உதவப்போவதில்லை.

ஓசை உண்டு. மணிக்கு 60இல் மெல்லிய ரீங்காரமாகத் தொடங்கி 80இல் நிலைக்கிறது, அதன் பிறகு காற்றின் சத்தம் அதை மூடிவிடுகிறது. நின்ற இடத்தில் திருப்பும்போது ஸ்டீயரிங் சற்றுக் கனம். மழை நனைத்த வழுவழுப்பான தார்ச் சாலையில் பழைய சாலை டயர் தந்த நம்பிக்கையை இது தரவில்லை. வளைவுகளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

மண் சாலையும் தார்ச் சாலையும் பாதிக்குப் பாதி என்று ஓடும் வண்டிக்கு இந்த அளவையே சொல்வேன். தார்ச் சாலையை விட்டு இறங்காதவர்கள் 265/70 சாலை டயரிலேயே இருக்கட்டும். என் டயர்கள் தேயும் நாளில் ஸ்பிரிங்குகளையும் புதிதாக்கிவிட்டு, ஒரு தடவையாவது 235/85 போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது.