10 கோழி 30 ஆகும்போது: தரைக் கொட்டகையா, பரணா, அடுக்குக் கூண்டா?

சிறிய உடம்புள்ள சிறுவிடை ரக நாட்டுக்கோழிப் பெட்டைகள் இரண்டு ஒரே மாதத்தில் குஞ்சு பொரித்து இறங்கினால் போதும், வீட்டில் இருந்த 10 கோழி 30-ஐத் தொட்டுவிடும். அதுவரை இரண்டு பஞ்சாரத்திலும் சுவரோரக் குடாப்பிலும் காலம் ஓடியிருக்கும். அப்புறம்தான் நெரிசல் தெரியும். அடைகிற நேரத்தில் இடம் பிடிக்க ஒன்றையொன்று கொத்தும், சில முருங்கை மரத்தில் ஏறிக்கொள்ளும், முட்டை வைக்கோல் போருக்குள் போகும். கொட்டகை போட நேரம் வந்துவிட்டது என்பதற்கு வேறு அடையாளம் வேண்டாம்.

பெரும்பாலும் பேச்சில் அடிபடுவது மூன்று வழிகள்: தரையிலேயே சுவர் எழுப்பி உள்ளே கூளம் பரப்பும் கொட்டகை, ஆட்டுக்குப் போடுவதுபோல உயர்த்திக் கட்டும் பரண், கடையில் விற்கும் கம்பிவலை அடுக்குக் கூண்டு.

கூண்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மொட்டை மாடியில்கூட வைக்கலாம், இடம் குறைவு, முட்டை உருண்டு முன்னால் வந்துவிடும். எல்லாம் சரிதான். ஆனால் நாட்டுக்கோழி கிளறவும் மண்ணில் புரளவும் பிறந்த உயிர். அது அடைபடுத்துக் குஞ்சு பொரித்தால்தான் நம் கூட்டம் பெருகும். கம்பித் தரையில் அது நடக்காது. நோய் கண்ட கோழியையும் சந்தையில் வாங்கி வந்த புதுக் கோழியையும் சில வாரம் பிரித்து வைக்க ஒன்று இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

ஆக, உண்மையான போட்டி தரைக்கும் பரணுக்கும்தான். இரண்டுக்கும் பொதுவான கணக்கு ஒன்று உண்டு. பகலில் வெளியே மேயும் வளர்ந்த கோழிக்கு, இரவு தங்க 2 சதுர அடி கொடுங்கள். 30 கோழிக்கு 60 சதுர அடி வரும். ஆனால் கூட்டம் 30-இல் நிற்காது என்பதால் 10 அடிக்கு 8 அடி என்று போடுவதே புத்திசாலித்தனம். உட்கார ஒரு கோழிக்கு 9 அங்குலக் கம்பு வேண்டும். 8 அடிக் கம்பு மூன்று கட்டினால் 30 கோழி அடையும். மூன்றும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஏணிபோல் கட்டினால் உச்சிக் கம்புக்குத் தினமும் சண்டை. முட்டைப் பெட்டி 5 பெட்டைக்கு ஒன்று, கம்பைவிடத் தாழ்வாக. மேலே வைத்தால் இரவில் அதில் ஏறிப் படுத்து எச்சமிட்டு நாறடிக்கும்.

தரைக் கொட்டகைக்குச் செம்மண் கொட்டித் தளத்தை ஒரு அடி உயர்த்திவிட்டு, ஒன்றரை அடிக்கு ஹாலோ பிளாக் சுவர், அதற்கு மேல் வலை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் காலை, மாலை வெயில் உள்ளே அடிக்காது. உள்ளே கடலைத்தோலோ உமியோ 4 அங்குலத்துக்குப் பரப்ப வேண்டும். இதன் நல்லது கெட்டது எல்லாமே இந்தக் கூளத்தில்தான் இருக்கிறது. எச்சம் அதில் கலந்து மக்கும். மாலையில் ஒரு கை தானியம் இறைத்தால் பாதிக் கிளறலைக் கோழியே முடித்துவிடும். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் நலம். உருண்டையாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, உடனே சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறிவிட வேண்டும். நாம் நின்றபடி முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. கோழியின் தலை உயரத்துக்குக் குந்தி மூச்சை இழுங்கள். கண் எரிந்தால், ராத்திரி முழுக்கக் கோழிக்கும் அதே எரிச்சல்தான். ஈரக் கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் பிடிக்கிறது, அதிலும் குஞ்சுகளை. பாதி ஈரம் தண்ணீர்க் குவளையைச் சுற்றித்தான் சேரும் என்பதால் தண்ணீரை வெளியே வைப்பதே பெரிய வைத்தியம். மக்கிய கூளம் தென்னைக்கும் வாழைக்கும் அருமையான எரு.

பரணில் இந்தக் கவலை பெரிதாக இல்லை. 3 அடி உயரத்தில் தளம், இடுக்கு வழியே எச்சம் கீழே விழும், கோழியின் கால் எச்சத்தில் படாது. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கும் டெல்டா பக்கம் இதற்கு நிகர் இல்லை. அங்கே தரையில் கூளத்தை உலர்வாக வைத்திருப்பது தினம் தினம் போராட்டம். ஆனால் பணம் அந்தத் தளத்துக்கே போய்விடும். மூங்கில் மலிவுதான்; பிளந்த இடமெல்லாம் செள்ளுப் பூச்சி குடியேறும், சில மழைக்காலத்தில் இற்றும் போகும். பிளாஸ்டிக் தளம் உழைக்கும், விலை அதிகம். உடல் பெருத்த பெருவிடை ரகச் சேவல் உயரக் கம்பிலிருந்து கெட்டித் தளத்தில் குதித்துக் குதித்து உள்ளங்காலில் புண் வைத்துக்கொள்ளும். குஞ்சின் கால் இடுக்கில் மாட்டும் என்பதால் தாய்க்கோழிக்கு எப்படியும் தரையில் தனி இடம் பார்க்க வேண்டும். கீழே விழும் எச்சத்தை வாராவாரம் அள்ளாவிட்டால் ஈ மொய்க்கும், பக்கத்து வீட்டுக்காரர் பேச வருவார்.

திருட்டுப் பிராணிகள் விஷயத்தில் பரண் முழுப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நிறைய. தோண்டி வரும் பெருச்சாளிக்கும் கீரிக்கும் எதிராக அது மேல்தான். மரநாய்க்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் இறங்கிவிடும். பரணின் அடியைச் சுற்றி அடைக்காமல் விட்டால் நாய் கீழே புகுந்து தளத்தை முட்டிக்கொண்டே இருக்கும், கோழி மிரண்டு உறங்காது. தரைக் கொட்டகையில் வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை அடி படுக்கவைத்து மண் மூடினால் தோண்டல் நின்றுவிடும். எதைக் கட்டினாலும் அறுகோணக் கோழி வலையை நம்பாதீர்கள். அது கோழியை உள்ளே நிறுத்தும், நாயை வெளியே நிறுத்தாது. கீழ்ப்பகுதிக்காவது அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) வேண்டும்.

கூரைக்குக் கீற்று குளிர்ச்சி, அடிக்கடி மாற்ற வேண்டும். தகரம் சித்திரையில் அடுப்பு. மேலே கீற்றைப் பரப்பினால் தாங்கும்.

கொங்குப் பக்கம், திண்டுக்கல், மதுரை மாதிரி மேட்டு நிலமாக இருந்தால் நான் தரைக் கொட்டகையைத்தான் சொல்வேன், அதில் ஒரு மூலையைத் தாய்க்கோழிக்கென்று வலைபோட்டுப் பிரித்து. தண்ணீர் தேங்கும் மனையென்றால் யோசிக்காமல் பரண்.

தரைக் கொட்டகையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம், அதில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். எந்தக் கொட்டகையும் வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளை நோயைத் தடுக்காது. ஒரு வாரக் குஞ்சுக்கு லசோட்டா என்ற தடுப்புச் சொட்டு மருந்து, இரண்டு மாதம் ஆனதும் ஊசி என்று ஒவ்வொன்றையும் கையில் பிடித்தாக வேண்டும். அதற்கு ஏற்றது இருட்டு விலகாத நேரம். கம்பில் இருக்கும் கோழியை அலறவிடாமல் ஒவ்வொன்றாக எடுக்கலாம். உள்ளே 4 அடி உயரமே உள்ள பரணுக்குள் தவழ்ந்துகொண்டு 30 கோழியைப் பிடிப்பது பெரிய பாடு. பரண்தான் என்று முடிவு செய்தால், நீளப்பக்கம் ஒன்றை முழுவதும் கதவாகத் திறக்கும்படி தச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.