குழந்தைக்கு வெயில்காலச் சட்டை: நாடாவா, எலாஸ்டிக்கா, கிராஸ் பீஸா?

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு வீட்டிலேயே சட்டை தைக்கும்போது உடம்புப் பகுதி யாருக்கும் தகராறு கொடுப்பதில்லை. பக்கத்துக்கு ஒரு தையல், கீழே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். கத்திரி வெயிலில் குழந்தை அதைப் போட்டுக்கொண்டு திரியுமா, கழற்றி எறியுமா என்பதைக் கழுத்துதான் முடிவு செய்யும். இங்கே தரும் அளவுகள் மார்பு 22 அங்குலம், சட்டை உயரம் 15 அங்குலம் உள்ள குழந்தைக்கு.

நாடாக் கழுத்துதான் மூன்றிலும் சுலபம். 15 அங்குல அகலம், 17 அங்குல உயரத்தில் இரண்டு துண்டு. மேல் மூலைகளில் ஒன்றரை அங்குலம் உள்ளே, 5 அங்குலம் கீழே வளைத்து வெட்டினால் கைவளைவு. மேலே முக்கால் அங்குலம் மடித்துத் தைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி நாடா கோத்துத் தோளில் முடிச்சு. 44 அங்குல அகலத் துணியில் அரை மீட்டர் போதும். ஆனால் குழந்தை ஓடினால் சுருக்கம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். நாடாவைக் கோத்ததும் மடிப்பின் நடுவில் நாடாவையும் சேர்த்துக் குறுக்கே ஒரு தையல் போட்டால் நகராது. அதைவிடப் பெரிய குறை, தொங்கும் நுனிகள் ஊஞ்சலிலும் சறுக்குமரத்திலும் மாட்டிக்கொள்ளும். ஐரோப்பியப் பாதுகாப்பு விதியில் 7 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுநாடாவே கூடாது. இந்த மாதிரிதான் பிடிக்கும் என்றால் முடிச்சுக்குப் பதில் அதே துணியில் தோள்பட்டி தைத்து நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள்.

எலாஸ்டிக் கழுத்தில் கையும் சேர்ந்து வரும், தோளில் வெயில் படாது. உடம்புக்கு அதே 15க்கு 17 துண்டு இரண்டு, கைக்கு 12க்கு 9 துண்டு இரண்டு. நான்கிலும் மேல் மூலைகளை 2 அங்குல அகலம், 5 அங்குல ஆழத்துக்குச் சரிவாக வெட்டி, சரிவோடு சரிவு சேர்த்துத் தைக்க வேண்டும். முக்கால் மீட்டர் துணி ஆகும். தையலுக்குப் போக, கழுத்துச் சுற்று 34 அங்குலம் வரும். அந்த ஓரத்தை மடித்துத் தைத்து, கால் அங்குல எலாஸ்டிக்கை 14 அங்குலத்துக்குக் கோத்தால் தலையும் நுழையும், இறுக்கவும் இறுக்காது. பாப்ளினில் இந்தச் சுருக்கம் தடித்துக் கழுத்தில் குத்தும். மல், வாயில் போன்ற மெல்லிய பருத்தித் துணி எடுங்கள். எலாஸ்டிக்கை உள்ளே முறுக்காமல் கோத்து, கோத்த வாயை ஊசித்தையலால் மட்டும் மூடினால் தளரும்போது மாற்றலாம். வேர்க்குரு வரும் குழந்தைக்கு மட்டும் இது வேண்டாம். எலாஸ்டிக் படும் இடத்தில் வேர்வை தேங்கிச் சிவக்கும்.

உழைப்பு அதிகம் கேட்பது கிராஸ் பீஸ் கழுத்து, அதாவது துணியைச் சாய்வாக வெட்டிய பட்டையால் ஓரம் தைத்த கழுத்து. போட்டுக்கொள்ளச் சுகமும் அதுதான், தோலில் துணியைத் தவிர வேறு எதுவும் படாது. கழுத்தைப் பாதி அகலம் இரண்டரை, முன் ஆழம் 3, பின் ஆழம் 1 என்று வெட்டினால் சுற்று பதினாலரைதான் வரும். தலைச்சுற்று 20 அங்குலம். ஆகவே பின்னால் மூன்றரை அங்குலக் கீறலும் ஒரு பட்டனும் அவசியம். கீறலை முதலில் வெட்டாதீர்கள். 2 அங்குல அகலத் துண்டை நல்ல பக்கத்தில் வைத்து, கீழே கூராகச் சேரும்படி இரண்டு கோடு தைத்த பிறகு நடுவில் வெட்டி உள்ளே திருப்ப வேண்டும். கூர் வரை வெட்டாமல் விட்டால் அங்கே சுருங்கி நிற்கும்.

கிராஸ் பீஸுக்கு 14 அங்குலச் சதுரத் துண்டை மூலைக்கு மூலை மடித்து, அந்தக் கோட்டையொட்டி ஒன்றேகால் அங்குலப் பட்டைகள் வெட்டுங்கள். நேர் இழையில் வெட்டிய பட்டை வளைவில் படியவே படியாது. பதினாலரை அங்குலக் கழுத்துக்கு 14 அங்குலப் பட்டையை வளைவில் மட்டும் லேசாக இழுத்துத் தைக்க வேண்டும். இழுக்காவிட்டால் கழுத்து தூக்கிக்கொண்டு நிற்கும், அதிகம் இழுத்தால் சுருங்கும். பட்டை ஒழுங்காக இருந்தும் கழுத்து அகன்று போகிறதென்றால் வெட்டிய துணியே கையாண்டதில் இழுபட்டிருக்கிறது. வெட்டியவுடன் ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே ஒற்றைத் தையல் ஓட்டிவிட்டால் அது நடக்காது. கைவளைவுக்கும் இதே முறைதான்.

எந்தக் கழுத்தானாலும் துணியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துங்கள், பருத்தி சுருங்கும். மல் துணி மெஷினில் வழுக்கினால் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து, 11ஆம் எண் ஊசியில் தையுங்கள். நாடா சுலபம் என்றாலும் மாட்டிக்கொள்ளும் என்பதால், முதன்முதலாகத் தைப்பவர் எலாஸ்டிக்கில் தொடங்கலாம். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு என்றால், தையல் கோணலாக வந்தாலும் கிராஸ் பீஸையே தையுங்கள்.