பழைய பிக்கப்புக்கு எது சரி: எல்.இ.டி.யா ரிலேயா, ரீட்ரெடா புது டயரா, ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டையா புது செட்டா?

என் பிக்கப் 2009 மாடல். டீசலைப் பாய்ச்சப் பழைய மாதிரிப் பம்பு வைத்த எஞ்சின். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கைக்காயும் ஏற்றிப் போவது அதன் தொழில். சரக்கு வண்டி எட்டு வருடம் தாண்டிவிட்டால் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். அதனால் வருடத்துக்கு ஒரு தடவையாவது வேப்ப மரத்தடியில் நிறுத்தி அடிமுதல் நுனிவரை பார்த்துவிடுவேன். பார்க்கும்போதெல்லாம் யாராவது வந்து நிற்பார்கள். "அண்ணே, இதை மட்டும் மாத்திட்டா வண்டி புதுசு மாதிரி ஆயிடும்" என்பார்கள். அப்படிச் சொன்னதைக் கேட்டு மாற்றியதும் உண்டு, மாற்றியதைத் திரும்பக் கழற்றியதும் உண்டு. டாடா 207, பொலிரோ பிக்கப் மாதிரி பழைய வண்டியை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கிறவர்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்று எழுதுகிறேன்.

வெளிச்சம்: எல்.இ.டி. பல்பா, ரிலே வயரிங்கா

அதிகாலை மூன்று மணிக்கு லோடு கிளம்பும். ஹெட்லைட்டைப் போட்டால் மெழுகுவத்தி ஏற்றின மாதிரி மஞ்சளாக ஒரு வெளிச்சம். கடையில் சொன்னதைக் கேட்டு 1,800 ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு ஒரு ஜோடி வாங்கிப் போட்டேன். முதல் நாள் சுவரில் அடித்துப் பார்த்தபோது கண் கூசியது, மனசு குளிர்ந்தது. ரோட்டுக்குப் போனதும்தான் விஷயம் புரிந்தது. டிம்மில் போனாலும் எதிரே வருகிற ஒவ்வொரு பஸ்காரரும் லைட்டை அடித்து அடித்துக் காட்டினார். எனக்கோ பக்கத்து வேப்ப மரத்தின் உச்சி தெரிந்தது, ரோட்டில் இருந்த குழி தெரியவில்லை.

காரணம் பழைய பல்புக்குள்ளேயே இருக்கிறது. எச்4 ஹாலஜன் பல்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியைத் தொடாதீர்கள், விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். டிம் இழைக்கு அடியில் மட்டும் குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு. கீழ்ப்பக்கம் போகிற வெளிச்சத்தை அந்தத் தகடு மறித்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு ரோட்டை நோக்கி இறங்குகிறது. எதிரே வருகிறவர் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கரண்டிதான். ரிஃப்ளெக்டர் முழுக்க அந்த இழை எந்த இடத்தில் இருக்கிறது என்ற கணக்கை வைத்துச் செய்யப்பட்டது. எல்.இ.டி. பல்பில் சிப் ஒட்டியிருக்கும் இடம் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் கணக்கு கலைந்துவிடும். போதாததற்குப் பின்னால் ஒரு ஃபேன். அது துருத்திக்கொண்டு நிற்பதால் தூசி ரப்பரை மூட முடியவில்லை. ஒரே மழைக்காலத்தில் லைட்டுக்குள் தண்ணீர் கோத்துக்கொண்டது.

எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு ரிலே பக்கம் வந்தேன். துளிக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற குட்டி சுவிட்ச்தான் ரிலே. பழைய வண்டியில் ஹெட்லைட் மங்குவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமில்லை, வயர்தான். பேட்டரியிலிருந்து கிளம்புகிற கரண்டு ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வரை போய், அங்கிருந்து திரும்பிப் பல்புக்கு வர வேண்டும். பதினைந்து வருடத்துத் துருவும் தளர்ந்த ஜாயின்ட்டும் வழியெல்லாம் அதைத் தின்றுவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பு ஹோல்டரில் 11.8. இரண்டு வோல்ட்தானே என்று நினைக்கலாம். ஹாலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் இறங்கினால் வெளிச்சம் 30 சதவீதம் போல இறங்கிவிடும். அந்தக் கணக்கில் எனக்கு நாற்பது சதவீத வெளிச்சம் வயரிலேயே போய்க்கொண்டிருந்தது.

ரிலே போடுவது அரை நாள் வேலை. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. ரிலேயின் அடியில் நம்பர் போட்டிருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த வயர், நடுவில் பேட்டரியை ஒட்டியே ஒரு ஃபியூஸ். 87லிருந்து பல்புக்கு. பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் 86க்கு. 85 எர்த். இனி சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயை இழுக்கத் தேவையான துளிக் கரண்டு மட்டும், அதனால் சுவிட்சுக்கும் ஆயுள் கூடும். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய வயரை இதற்குப் போடாதீர்கள், எஞ்சின் சூட்டுக்கென்று விற்கிற ஆட்டோ வயரே வேண்டும். எர்த் பிடிக்கிற இடத்தில் பெயிண்டையும் துருவையும் எம்ரி பேப்பரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டுப் போல்ட்டை இறுக்குங்கள். எனக்கு ரிலே, ஹோல்டர், வயர், ஃபியூஸ் எல்லாம் சேர்த்து 700 ரூபாய் ஆனது. ஹோல்டரில் இப்போது 13.4 வோல்ட். அதே பழைய 60/55 வாட் பல்பு, ரோட்டோரக் கல் வரை தெரிகிறது.

எல்.இ.டி.க்கும் ஒரு நியாயம் உண்டு. கரண்டு குறைவாகத்தான் இழுக்கும், பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் களைத்துப்போயிருந்தால் அதற்கு அது ஆறுதல். ஆனால் எல்.இ.டி.க்காகவே செய்த முழு ஹெட்லைட்டாக இருந்தால்தான் அது சரி. ஹாலஜன் கூட்டுக்குள் எல்.இ.டி. பல்பைத் திணிப்பது வேறு விஷயம். மூன்றாவதாக 100/90 வாட் பல்பு என்று ஒன்று விற்கிறார்கள். பழைய வயரில் அதைப் போட்டால் ஹோல்டர் உருகும், போலீசும் பிடிப்பார்கள்.

ரேடியேட்டர்: தண்ணீரா, கூலண்ட்டா

இதில் அலசுவதற்கு அதிகம் இல்லை. "நம்ம ஊர்ல பனியா கொட்டுது, தண்ணி ஊத்தினா பத்தாதா?" என்று கேட்பவர்கள், எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்த அண்டாவின் அடியைப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளைப் படிவம்தான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் ஏறும். கூலண்ட் கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றும், துருவைத் தடுக்கும். கலந்தே வருகிற கூலண்ட்டை வாங்கலாம், இல்லையென்றால் கெட்டிக் கூலண்ட்டை வாங்கிப் பேட்டரி தண்ணீரோடு (டிஸ்டில்டு வாட்டர்) பாதிக்குப் பாதி கலக்கலாம். இரண்டாவது மலிவு, நான் அதைத்தான் செய்கிறேன். குழாய்த் தண்ணீரைக் கலந்தால் கூலண்ட் வாங்கின காசு வீண்.

ஆயிலுக்கும் இதே போல நாலு வரி போதும். பழைய பம்பு எஞ்சினுக்கு 15டபிள்யூ-40 மினரல் ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். விலை கூடின 5டபிள்யூ-30 ஃபுல்லி சிந்தெடிக் ஊற்றினால் தேய்ந்துபோன சீல்களில் மெல்லிய ஆயில் கசியத்தான் வாய்ப்பு அதிகம். அந்தப் பணத்தில் ஆயில் ஃபில்டரையும் டீசல் ஃபில்டரையும் ஒழுங்காக மாற்றுங்கள். டீசல் ஃபில்டர் அடியில் தண்ணீர் வடிக்கிற திருகு இருந்தால் அதையும் அவ்வப்போது திறந்துவிடுங்கள்.

டயர்: ரீட்ரெடா, புதுசா

தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர்ப் பூ போட்டு எடுப்பதுதான் ரீட்ரெட். அந்த டயர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். ரோட்டில் ஓடுகிற லாரிகளில் எத்தனையோ டயர் ரீட்ரெட்தான். கேள்வி எந்த முறை, எந்த டயர், எந்த வீல் என்பது.

முறை இரண்டு. ஹாட் முறையில் பச்சை ரப்பரைச் சுற்றி அச்சுக்குள் வைத்து 150 டிகிரி அளவில் வேக வைப்பார்கள். கோல்ட் முறையில் முன்பே வெந்து பூ விழுந்த ரப்பர்ப் பட்டையை ஒட்டி, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் அறைக்குள் வைத்து எடுப்பார்கள். சூடு குறைவு என்பதால் கோல்ட் முறையில் உள் டயருக்கு வாதை குறைவு. விலை கொஞ்சம் கூடுதல், கொடுக்கலாம்.

ஆனால் எந்த முறையானாலும் அடியில் இருக்கிற டயர் நல்லதாக இருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஆறேழு வருடம் தாண்டி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு கண்டுவிட்ட டயரில் ரீட்ரெட் போடுவது இடிகிற சுவருக்கு வெள்ளை அடிப்பதுதான். இன்னொன்று, பூவை முழுசாகத் தேய்த்து நூல் தெரிகிற வரை ஓட்டிவிட்டு ரீட்ரெடுக்குக் கொண்டுபோகாதீர்கள். சட்டப்படியே 1.6 மில்லிமீட்டர் பூவாவது இருக்க வேண்டும். அதற்கு முன்பே கழற்றினால்தான் உள் டயர் பிழைத்திருக்கும்.

நான் வைத்திருக்கிற வழக்கம்: முன்னால் இரண்டும் புதுசு, பின்னால் இரண்டும் ரீட்ரெட். ஓடும்போது பின்னால் ரப்பர் பிய்ந்தால் சத்தம் கேட்கும், ஓரம் கட்டலாம். முன்னால் பிய்ந்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது. என் கணக்கில் ரீட்ரெடுக்கு ஆனது புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனாலும் முன் வீலுக்கு அதை யார் சொன்னாலும் போட மாட்டேன்.

ஸ்பிரிங்: ஒரு பட்டை கூட்டுவதா, அடித்து வளைப்பதா, புது செட்டா

நான் சரியாக ஏமாந்தது இதில்தான். பின்பக்க ஸ்பிரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள். அது தொய்ந்துவிட்டது. முழு லோடு ஏற்றினால் ஆக்சில் போய்ச் சேசிஸ் ரப்பரில் இடிக்கும். ஒரு பட்டறையில், "ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை ஏத்திக் கட்டிடலாம் தம்பி, இன்னும் அரை டன் சேர்த்தே அடிக்கலாம்" என்றார்கள். கட்டினார்கள். வண்டி பின்னால் நிமிர்ந்து நின்றது, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பாதி லோடு தக்காளி போனது. பிளாஸ்டிக் கிரேட்டுகளை நாலு அடுக்காக வைத்திருந்தேன். மார்க்கெட்டில் இறக்கும்போது அடி அடுக்கிலிருந்து சாறு வழிந்து தொட்டித் தகடெல்லாம் சிவப்பு. கமிஷன் கடையில் அந்த அடுக்கைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டார்கள். காலி வண்டியில் திரும்பும்போது காலிக் கிரேட்டுகள் குதித்த குதியில் ஒன்று ரோட்டிலேயே போய்விட்டது. ஒரு பட்டை கூடினால் ஸ்பிரிங் அந்த அளவுக்கு இறுகும். முழு லோடுக்கு அது சுகம், பாதி லோடுக்கும் காலிக்கும் மரக்கட்டை.

அதைவிட மோசமான ஒன்றை எனக்குக் காட்டியது என் மெக்கானிக். சில பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பி ஓடி ஒரு பிரேக் வால்வில் முடியும். லோடு ஏறி வண்டி இறங்கினால் அந்தக் கம்பி அசைந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் கொடுக்கும். வண்டி காலியாக நிமிர்ந்தால் குறைக்கும், இல்லாவிட்டால் காலி வண்டியில் பின் வீல் லாக் ஆகிச் சறுக்கும். கூடுதல் பட்டை போட்டதும் லோடோடு இருக்கும்போதே வண்டி நிமிர்ந்து நிற்கிறது. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும். ஆக, லோடு இருக்கும்போது பின் பிரேக் குறைந்துவிடும். இந்த வால்வு இருக்கிற வண்டியில் ஸ்பிரிங்கைத் தொட்டால் கம்பியையும் புத்தகப்படி செட் செய்தே ஆக வேண்டும். எனக்குப் பட்டை கட்டியவர்கள் அந்தக் கம்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் அந்த "அரை டன் சேர்த்து" என்ற ஆசை. ஆர்.சி.யில் போட்டிருக்கும் எடையைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பட்டை கூடினால் ஆர்.சி. கூடாது.

பழைய பட்டையை அடித்து வளைவு ஏற்றுவது இரண்டாவது வழி, மூன்றிலும் மலிவு. நன்றாகச் செய்கிற கை இருந்தால் ஒரு வருடம் ஓடும். ஆனால் உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்துவிட்டு அப்படியே ஆறப் போட்டால் இரும்பின் விறைப்பு போய்விடும். எண்ணெயில் முக்கி, மறுபடி பதமாகச் சூடேற்றி எடுத்தால்தான் அது ஸ்பிரிங். அதைக் கேட்டு, செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஏற்கெனவே வெடிப்பு விழுந்த பட்டைக்கு இது ஆகவே ஆகாது. பட்டைகளைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவினால் சென்டர் போல்ட் ஓட்டையை ஒட்டி முடி மாதிரி கோடு தெரியும். தெரிந்தால் வேறு பேச்சு வேண்டாம்.

எனக்கு இரண்டு பட்டையில் அந்தக் கோடு இருந்தது. புது செட்டே போட்டேன். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடிக்கிற யு போல்ட்டும், ஸ்பிரிங் முனையில் வருகிற ஷாக்கிள் புஷ்ஷும் சேர்த்து மூன்று வழியிலும் இதுதான் அதிகச் செலவு. கழற்றியதும் பூட்டியதும் வீட்டில்தான், மச்சானும் நானும். சேசிஸுக்கு அடியில் தடித்த மரக்கட்டைகளைக் கொடுத்த பிறகே கை வைத்தோம். ஜாக்கியை நம்பியும் ஹாலோ பிளாக்கை நம்பியும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள், ஹாலோ பிளாக் சொல்லாமல் உடையும். யு போல்ட் நட்டுகளைக் காலியில் ஒரு தடவை, லோடு ஏற்றி நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு தடவை இறுக்கினோம். பிரேக் வால்வுக் கம்பியை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டேன்.

கழற்றின கூடுதல் பட்டைகளில் ஒன்றை ஊர்க் கொல்லுப் பட்டறையில் கொடுத்தேன். திருப்பாச்சேத்தியில் அரிவாள் அடிப்பதும் லாரிப் பட்டையில்தானே. தென்னை மட்டை வெட்ட ஒரு அரிவாள் அடித்துக் கொடுத்தார். இன்னொன்று வேப்ப மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது.