ஸ்டெம் செல் ஊசி போடப் போறீங்களா? ரிப்போர்ட்டையும் குப்பி லேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க

அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், மாடிப்படி ஏறவே முடியல, ஆபரேஷன்னாலே பயப்படுவாங்க. அதனால ஒரு கிளினிக்ல ஸ்டெம் செல் ட்ரீட்மெண்ட் இருக்குன்னதும் நான்தான் கூட்டிட்டுப் போனேன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறல.

வயித்துல இருந்து கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதுல இருக்கற ஸ்டெம் செல்லை, அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூலச் செல்லை, லேப்ல வளத்துப் பெருக்கி, ரெண்டு தவணையா முட்டிக்குள்ள போடுவாங்களாம். "மரபணு எல்லாம் செக் பண்ணியாச்சு"ன்னு ஒரு கேரியோடைப் ரிப்போர்ட் குடுத்தாங்க, அதாவது செல்லோட குரோமோசோமை எல்லாம் வரிசையா அடுக்கிக் காட்டுற படம். குரோமோசோம் 46ம் ஜோடி ஜோடியா நிக்குது, கீழ நார்மல்னு சீல். நம்பி முதல் ஊசி போட்டாச்சு.

ரெண்டாவது ஊசி அன்னிக்கு நர்ஸ் குப்பியை ட்ரேல வச்சுட்டு வெளிய போனாங்க. சும்மா லேபிளைப் படிச்சேன், பி 11னு இருந்துச்சு. ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தா பி 3. பேட்ச் நம்பரும் வேற. உடனே ரெண்டையும் போட்டோ எடுத்துக்கிட்டேன்.

பி-ன்னா பாசேஜ். தட்டு நிறைய செல் வளந்ததும் பிரிச்சு புதுத் தட்டுல போடுவாங்க, அது ஒரு பாசேஜ். செல் ஒவ்வொரு தடவை ரெண்டாகும்போதும் டிஎன்ஏவைக் காப்பி எடுக்குது, அதுல தப்பு விழலாம், பெரும்பாலானது ஒண்ணும் பண்ணாது, ஆனா வேகமா வளர வைக்கிற மாதிரி ஒரு தப்பு ஒரே ஒரு செல்லுக்கு வந்தாலும் போதும், போகப் போக மத்ததை ஓரங்கட்டிட்டு தட்டு முழுக்க அதோட வாரிசுங்களே நிறைஞ்சிடும். அதனால 3ல எடுத்த டெஸ்ட் 11க்கு சாட்சி சொல்லாது.

கருவுல இருந்து எடுக்கிற ஸ்டெம் செல்லுல இதை நல்லாவே பாத்திருக்காங்க, 20வது குரோமோசோம்ல ஒரு துண்டு கூடுதலா சேந்துக்கும், அதுல செல்லை சாக விடாத ஒரு ஜீன் இருக்கு. 2017ல லேப்ல தனித்தனியா வளத்துட்டு வர்ற 140 கரு ஸ்டெம் செல் வரிசைகளைப் பாத்ததுல 5ல கேன்சரைத் தடுக்கிற டிபி53 ஜீனே பழுதாகியிருந்துச்சு. இந்த மாதிரி டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறுற சின்னப் பழுது கேரியோடைப்ல தெரியாது, அதுல வழக்கமா 20 செல்லைத்தான் மைக்ரோஸ்கோப்ல பாப்பாங்க, பெரிய உடைசல் மட்டும்தான் கண்ணுல படும். கொழுப்புல இருந்து எடுக்கிற செல் இந்த ரகம் இல்ல, அது கொஞ்சம் நிலையானதுன்னுதான் சொல்றாங்க, அதுக்காக டெஸ்டே பண்ணாம உடம்புல ஏத்தலாமா?

நான் கேட்டதுக்கு கோஆர்டினேட்டர் சொன்ன பதில், "உங்க அம்மாவோட சொந்த செல்தானே மேடம், என்ன ஆகப் போகுது". கேன்சரும் சொந்த செல்லுல இருந்து வர்றதுதானேங்க! ஜப்பான்ல 2014ல ஐபிஎஸ் செல்லுல இருந்து (வளந்த ஆளோட சாதாரண செல்லை லேப்ல ஸ்டெம் செல் மாதிரி மாத்துனது) வளத்த விழித்திரைத் திசுவை முதல் தடவையா ஒருத்தருக்கு வச்சாங்க, அடுத்த நோயாளிக்கு அவரோட சொந்த செல்லுல இருந்தே தயார் பண்ணதுல மரபணு மாற்றம் தெரிஞ்சதும் 2015ல அப்படியே நிறுத்திட்டாங்க. அதுதான் பொறுப்பு.

அம்மாவை எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம அந்தக் குரோமோசோம் படத்தையே பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்தேன். கடைசி மூலையில இருந்த ஜோடில ஒண்ணு பெருசு, பக்கத்துல ஒண்ணு குட்டி. எக்ஸ், ஒய். எங்கம்மா பேர் போட்ட ரிப்போர்ட்ல ஒரு ஆம்பளையோட குரோமோசோம்! அப்ப முதல் ஊசில போனது யாரோட செல்? இல்ல செல் அம்மாவோடதுதான், ரிப்போர்ட் மட்டும் வேற யாரோடதோவா? மூணு மெயில் போட்டுட்டேன், பதிலும் இல்ல, பணமும் இல்ல.

தயவுசெஞ்சு உங்களுக்குப் போடப்போற அதே பேட்ச், அதே பாசேஜோட ரிப்போர்ட்டைக் கேளுங்க. செல் உங்களோடதுதான்னு டிஎன்ஏ பொருத்திப் பாத்தாங்களான்னு கேளுங்க. எழுத்துல குடுக்க மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. குப்பி லேபிளை கட்டாயம் போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

இப்ப வேற எலும்பு டாக்டர்கிட்ட காட்டுறோம். முட்டி வலி அப்படியேதான் இருக்கு, ஸ்கேன்ல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, ஆனா விடாம பாத்துட்டே இருக்கணும்னு சொல்லியிருக்காரு. "முதல் ஊசில என்ன போட்டாங்க, ஏதாவது விவரம் இருக்காம்மா?"ன்னு கேட்டாரு. ரெண்டாவது குப்பியோட போட்டோ மட்டும்தான் என் போன்ல இருந்துச்சு.